ஐந்நூறு முறை விழலாம்

2009 ஆகஸ்ட் 12 அன்று, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கான இணையக் கடையில் ‘ட்ரையல்ஸ் எச்டி’ என்ற பைக் சாகச விளையாட்டு வெளியானது. விலை 1200 மைக்ரோசாஃப்ட் பாயின்ட்; அமெரிக்கக் கணக்கில் 15 டாலர். அந்தக் கோடையில் வாரத்துக்கு ஒன்றாக ஐந்து விளையாட்டுகளை மைக்ரோசாஃப்ட் முன்னிறுத்தி வெளியிட்டது. அவற்றுள் நான்காவதாக வந்த இது, அடுத்த பத்து ஆண்டுகள் எங்கள் வீட்டில் எனக்கும் என் தம்பிக்கும் இடையே ஓயாத போட்டியாக நிலைத்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த விளையாட்டைப் பற்றியும், அதன் பின்னால் வந்த பாகங்களைப் பற்றியும் முறையாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பார்வைக்கு அது மிக எளிய விளையாட்டு. திரையில் ஒரு பைக்கையும் அதன்மேல் ஹெல்மெட் அணிந்த ஒருவனையும் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். வண்டி இடமிருந்து வலமாக மட்டுமே போகும். கைப்பிடியைத் திருப்பும் வேலையே கிடையாது. பாதை ஒற்றைக் கோடாக நீள்கிறது. கன்ட்ரோலரின் வலது டிரிகரை அழுத்தினால் ஆக்சிலேட்டர், இடது டிரிகர் பிரேக், இடது கட்டைவிரலின் கீழே உள்ள ஸ்டிக்கைத் தள்ளினால் ஓட்டுபவன் முன்னாலோ பின்னாலோ சாய்வான். ஓட்டுவதற்கு வேண்டியது இவ்வளவுதான். எல்லா டிராக்குகளும் இருண்ட கிடங்கு ஒன்றின் உள்ளே, மரப்பலகை, இரும்புக் குழாய், டயர், பீப்பாய் ஆகியவற்றை அடுக்கிக் கட்டியவைபோல இருக்கும். முதல் சில டிராக்குகளில் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தாலே போதும், வண்டி கடைசிவரை போய்ச் சேர்ந்துவிடும். பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு சாதாரண மேட்டின் உச்சியில் முன்சக்கரம் தூக்கி, வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து, ஓட்டுபவன் துணிப்பொம்மைபோலப் பாதை நெடுகிலும் உருளும்போதுதான், இந்த மூன்று கட்டுப்பாடுகளுக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று புரியத் தொடங்கும்.

அப்படி உருண்டவுடன் பி பொத்தானை ஒருமுறை தட்ட வேண்டும். கண் இமைக்கும் நேரத்துக்குள் வண்டியும் ஆளும் கடைசியாகக் கடந்த செக்பாயின்ட்டில், அதாவது பாதையில் ஆங்காங்கே வைத்த இடைக்குறியில், நிற்பார்கள். காத்திருக்கச் சொல்லும் சுழல்வட்டமோ, ‘தோற்றுவிட்டாய்’ என்ற அறிவிப்போ, உயிர்க் கணக்கோ எதுவும் வராது. திரையின் மேலே ‘ஃபால்ட்’ என்ற எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும், கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டிராக்கில் ஐந்நூறு முறை விழலாம், அல்லது முப்பது நிமிடம் போராடலாம். இந்த இரண்டில் ஒன்று முடிந்தால்தான் ஓட்டம் முடியும். ஐந்நூறு என்ற அந்த எண்ணை முதலில் படித்தபோது அது வெறும் தொழில்நுட்ப வரம்பாகத்தான் பட்டது. கடினமான டிராக் ஒன்றில் முந்நூற்றைத் தாண்டிய இரவில், நாம் இத்தனை முறை விழுவோம் என்பதை முன்பே எண்ணிப் பார்த்து, அதற்கு இடம் விட்டுத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள் என்பதை உணர்ந்தேன். இந்த விளையாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே இருக்கிறது.

ஏனென்றால் பைக் விளையாட்டுகளின் வரலாற்றை எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் விழுவதை எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் குணம் தெரிகிறது. நிண்டெண்டோ நிறுவனம் 1984 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்ட ‘எக்ஸைட்பைக்’ இவ்வகைக்கு மூத்தது. ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்த அதில், பக்கவாட்டுப் பார்வையில் மேடுகளின்மேல் பறந்து, தரையின் சரிவுக்கு ஏற்றாற்போல வண்டியின் மூக்கை ஏற்றியோ இறக்கியோ இறங்க வேண்டும். தவறாக இறங்கினால் ஓட்டுபவன் பாதையோரம் உருண்டு போவான். பிறகு எழுந்து தன் வண்டியை நோக்கி நடந்து வருவான். அந்த நடைதான் தண்டனை. மற்ற வண்டிகள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே பொத்தானைப் படபடவென்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் ஊரில் பைக் விளையாட்டு என்றாலே நினைவுக்கு வரும் ‘ரோட் ராஷ்’ விளையாட்டிலும் இதே முறைதான். 1996இல் வந்த அதன் கணினிப் பதிப்பைப் பிரவுசிங் சென்டர்களில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய தலைமுறை நான். எதிரே வந்த காரில் மோதித் தூக்கி எறியப்பட்டவன், எங்கோ தூரத்தில் கிடக்கும் தன் வண்டியை நோக்கிச் சாலையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நொடிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. காசு கொடுத்த நேரம் அப்படிக் கரைவது பெரிய வேதனையாக இருந்தது.

ஹங்கேரியைச் சேர்ந்த பாலாஜ் ரோஷா என்ற தனி மனிதர் உருவாக்கி 2000இல் வெளியிட்ட ‘எலாஸ்டோ மேனியா’ இதற்கு நேர் எதிரான வழியைப் பிடித்தது. ரப்பரால் ஆனதுபோல நெளியும் பைக் ஒன்றில் ஆப்பிள்களை எடுத்துக்கொண்டு, கடைசியில் பூவைத் தொட வேண்டும். தலை எதிலாவது உரசினால் முடிந்தது. முழு டிராக்கையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செக்பாயின்ட் என்பதே கிடையாது. கல்லூரிக் கணினி ஆய்வகத்தில், ஆசிரியர் வெளியே போகும் இடைவெளிகளில் அதை ஆடியிருக்கிறேன். எடையை மாற்றி மாற்றி வண்டியைச் சுழற்றும் அந்தப் பழக்கம் பின்னாளில் எனக்குப் பெரிதும் உதவியது. ஆனால் நாற்பது நொடி கவனமாக ஓட்டிவிட்டுக் கடைசிப் பூவுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் தலை இடித்து எல்லாவற்றையும் இழக்கும்போது, மனம் சோர்ந்து எழுந்து போய்விடுவதும் உண்டு.

ட்ரையல்ஸ் இந்த மரபில் வந்து, விழுந்தவனிடமிருந்து நேரத்தையும் பறிக்காமல், கடந்து வந்த தூரத்தையும் பறிக்காமல், ஓர் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொண்டது. எழுதி வைத்ததை மறக்கவும் இல்லை. ஆடியவர்களை வரிசைப்படுத்தும் லீடர்போர்டில் முதலில் பார்க்கப்படுவது எத்தனை முறை விழுந்தாய் என்பது. அதில் இருவர் சமமாக இருந்தால்தான் நேரம் பார்க்கப்படும். சாதாரண டிராக்குகளில் தங்கப் பதக்கம் வேண்டுமென்றால் ஒருமுறைகூட விழக் கூடாது. அதற்கும் மேலே பிளாட்டினம் இருந்தது. கற்றுக்கொள்ளும்போது எத்தனை முறை விழுந்தாலும் கேட்காத விளையாட்டு, கற்றுத் தேர்ந்தேன் என்று சொல்பவனிடம் ஒரு தவறையும் பொறுக்காது. இந்த இரண்டு முகமும் ஒரே டிராக்கில், ஒரே கட்டுப்பாட்டில் இருந்ததுதான் அதன் அழகு.

இந்தக் கணக்கு முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெயரிலேயே விடை இருக்கிறது. ட்ரையல்ஸ் என்பது உண்மையிலேயே உள்ள ஒரு மோட்டார் சைக்கிள் விளையாட்டு. பாறை, ஓடை, சேறு, மரவேர் நிறைந்த குறுகிய பகுதிகளைக் கால் தரையில் படாமல் கடந்து வர வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இருமுறை என்றால் இரண்டு, அதற்கு மேல் என்றால் மூன்று, வண்டி நின்றோ விழுந்தோ போனால் ஐந்து. புள்ளி குறைவாக வாங்கியவரே வெல்வார். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் நகரை மையமாகக் கொண்டு ஆண்டுதோறும் மே மாதத்தில் ஆறு நாள் நடக்கும் போட்டி, இந்த விளையாட்டில் நூறாண்டு கடந்த திருவிழா. வேகத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை. வண்டியும் உடம்பும் ஒன்றாக நிலைகுலையாமல் இருப்பதற்குத்தான் மதிப்பு.

ட்ரையல்ஸ் விளையாட்டை உருவாக்கிய ரெட்லின்க்ஸ் நிறுவனம் இருப்பது ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில். அந்த நாட்டைச் சேர்ந்த யுர்யோ வெஸ்டரினென் 1976, 1977, 1978 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ட்ரையல்ஸ் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர். ஸ்காட்லாந்தின் அந்த ஆறு நாள் போட்டியையும் 1980இல் வென்றார்; பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான். பனிக்கும் பாறைக்கும் பழகிய ஒரு நாட்டில் இந்த விளையாட்டுக்கு இருந்த வேரை நினைத்துப் பார்த்தால், அங்கிருந்து இப்படி ஒரு கணினி விளையாட்டு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

அந்த நிறுவனத்தை ஆட்டே, ஆன்ட்டி இல்வெஸ்ஸுவோ என்ற சகோதரர்கள் 2000இல் தொடங்கினார்கள். ட்ரையல்ஸின் முதல் வடிவம் அதே காலத்தில் இணைய உலாவியில் ஆடும் சிறிய ஜாவா விளையாட்டாக வந்தது. இடையில் நோக்கியாவின் என்-கேஜ் கைப்பேசிக்குப் போர் விளையாட்டு செய்தார்கள். 2007இல் கணினிக்கு ‘ட்ரையல்ஸ் 2’ வந்தது, அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பதிப்பு. ஆக, 2009இல் எக்ஸ்பாக்ஸில் வந்தது திடீரென்று முளைத்ததன்று. ஏறக்குறைய பத்தாண்டுகள் ஒரே யோசனையைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கியதன் பலன். பொருள்கள் மோதுவதையும் உருள்வதையும் கணக்கிட, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ‘புல்லட்’ என்ற இயற்பியல் நிரலைப் பயன்படுத்தினார்கள். நொடிக்கு அறுபது படம் என்ற வேகத்தை விட்டுக்கொடுக்காமல் காத்தார்கள். கைக்கும் திரைக்கும் நடுவே துளி தாமதம் இருந்தாலும் இவ்வகை விளையாட்டு செத்துப்போகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி ஒரு தடையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். சமதளத்தில் வண்டி நிற்கிறது. மூன்றடி முன்னால், வண்டியின் முன்சக்கரத்தைவிடச் சற்றே உயரமான ஒரு மரத்திண்டு செங்குத்தாக நிற்கிறது. வேகமெடுத்து ஏற இடமில்லை. புதிதாக ஆடுபவர் செய்வது, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துவது. முன்சக்கரம் திண்டில் முட்டி மேலே ஏறும், வண்டி செங்குத்தாகி, ஓட்டுபவன் மல்லாந்து விழுவான். அடுத்த தடவை பயந்து மெதுவாக அழுத்தினால் வண்டி திண்டில் மோதி அப்படியே நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாற்பது ஐம்பது தடவை போய் வந்த பிறகு, விடை ஆக்சிலேட்டரில் இல்லை, ஸ்டிக்கில் இருக்கிறது என்பது விளங்கும். முதலில் உடம்பை முழுதாகப் பின்னால் சாய்க்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பர் அழுந்திக் கீழே இறங்கும். அது அழுந்தி முடிந்து திரும்பி எழும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில், ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு கொடுப்புக் கொடுத்து, உடம்பை முன்னால் தூக்கிப் போட வேண்டும். அமுங்கியிருந்த ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிவிடும். பின்சக்கரம் திண்டின் விளிம்பைத் தொட்டதும் ஆக்சிலேட்டரைப் பாதியாகக் குறைத்து, மார்பைக் கைப்பிடியோடு ஒட்டி வைத்துக்கொண்டால் வண்டி மேலே ஏறி நிற்கும். மொத்தமும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு நொடியைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாலை ஆனது.

இதைக் கற்றுக்கொண்ட நாளில் எனக்கு நினைவு வந்தது சித்தப்பாவின் குரல். பத்தாம் வகுப்பு விடுமுறையில் பள்ளி மைதானத்தில் அவருடைய டிவிஎஸ் 50 வண்டியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, “பள்ளம் வந்தா சீட்டுல உக்காராத கண்ணு, எந்திரிச்சு நில்லு, வண்டி தானா குதிச்சுக்கும்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடி வருவார். பல ஆண்டுகள் சாலையில் ஓட்டியும் அந்தச் சொல்லின் முழுப் பொருளை நான் உணர்ந்ததில்லை. வண்டியின் எடை வேறு, நம் எடை வேறு, இரண்டும் தனித்தனியாக அசைய முடியும், அந்த அசைவின் வித்தியாசத்தில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது என்பதை ஒரு விளையாட்டின் திண்டு எனக்குக் காட்டியது.

எங்கள் வீட்டில் எக்ஸ்பாக்ஸ் வந்தது 2010 தொடக்கத்தில். நண்பர் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கன்ட்ரோலர் ஒன்றுதான் இருந்தது. நானும் தம்பியும் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஐந்து முறை விழுந்தால் கன்ட்ரோலரைக் கை மாற்ற வேண்டும். இந்த விதியால் ஒரு நன்மை விளைந்தது. ஒருவன் ஓட்டும்போது மற்றவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். எதனால் விழுந்தான் என்பதைக் கவனித்துக்கொண்டே இருப்பான். “அண்ணா, நீ மேல போனதுக்கு அப்புறமும் முறுக்கிட்டே இருக்க, அதான் கவுறுது” என்று தம்பி சொல்வான். அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். விழுந்தவன் உணராததைப் பார்த்திருந்தவன் உணர்வான். லீடர்போர்டில் உள்ள எவருடைய ஓட்டத்தையும் ரீப்ளேயாக முழுமையாகப் பார்க்கும் வசதியும் அந்த விளையாட்டில் இருந்தது. உலகின் முதல் பத்து இடங்களில் இருந்தவர்களின் ரீப்ளேக்களை நாங்கள் இருவரும், கிரிக்கெட்டில் ஒரு பந்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதுபோல, திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். நாங்கள் பத்து முறை விழும் இடத்தில் அவர்கள் வண்டி தரையை ஒரே ஒருமுறை தொட்டுவிட்டுப் போய்விடும்.

‘இன்ஃபெர்னோ 2’ என்ற டிராக், மிகக் கடினம் என்ற கடைசி வரிசையில் இருந்தது. அதை முதன்முதலில் முடித்தபோது எங்கள் ஃபால்ட் எண்ணிக்கை 412. இருவரும் மாறி மாறி ஓட்டி, முப்பது நிமிடக் கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது தம்பி கோட்டைக் கடந்தான். அந்த எண்ணை ஒரு பழைய டைரியின் ஓரத்தில் அவன் எழுதி வைத்தான். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்நூறு என்ற வரம்பு அன்று எங்களுக்குச் சரியான அளவாக அமைந்தது. வரம்பு முந்நூறாக இருந்திருந்தால் நாங்கள் அந்த டிராக்கைக் கைவிட்டிருப்போம்.

விளையாட்டில் டிராக்குகளைத் தவிரச் சின்னச் சின்னத் திறன் சோதனைகளும் இருந்தன. தீ வளையங்களுக்குள் பாய்வது, இரும்பு உருண்டைக்குள் இருந்துகொண்டு அதை உருட்டிப் போவது என்று பல. அவற்றுள் ஒன்று, ஓட்டுபவனை உயரத்திலிருந்து உருட்டிவிட்டு எத்தனை எலும்பு முறிகிறது என்று எண்ணுவது. என் அம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. “வேணும்னே விழ வெச்சு எண்ணுறது என்னடா விளையாட்டு?” என்று கேட்டார். எனக்கும் அந்தப் பகுதி மனத்துக்கு ஒட்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் விழுவது முயற்சியின் பக்க விளைவாக இருந்தது. அங்கே அதுவே காட்சிப் பொருளாகிவிட்டது.

2011 நவம்பரில் ரெட்லின்க்ஸை யூபிசாஃப்ட் வாங்கியது. அடுத்த ஆண்டு, 2012 ஏப்ரல் 18 அன்று, ‘ட்ரையல்ஸ் எவல்யூஷன்’ வெளியானது. கோவையில் அப்போது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். ஒரு மணி நேரம் மின்சாரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. விளையாட்டைத் தரவிறக்கம் செய்வதே மூன்று நாள் வேலையாக இருந்தது. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தவுடன் எழுந்து, மோடத்தையும் கருவியையும் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். நான்காம் நாள் காலையில் முதல் டிராக் திறந்தபோது, கிடங்கின் இருட்டு முற்றிலும் மறைந்திருந்தது. மலை, கடற்கரை, காடு, போர்க்களம் என்று வெளிச்சம் நிறைந்த வெளிகள். பாதை ஒற்றைக் கோடுதான் என்றாலும் அது வளைந்து நெளிந்து காட்சியின் ஆழத்துக்குள் போனது. வண்டியின் நடத்தை மட்டும் மாறவில்லை. கிடங்கில் கற்றுக்கொண்ட திண்டு ஏறும் வித்தை மலைப்பாறையிலும் அப்படியே வேலை செய்தது.

எவல்யூஷன் செய்த மிகப் பெரிய நல்ல காரியமாக நான் கருதுவது வேறொன்று. நம் நண்பர் பட்டியலில் உள்ளவர்களின் சிறந்த ஓட்டம், பெயரோடு ஒரு சிறு புள்ளியாக நம்முடன் டிராக்கில் ஓடும். அவர் அப்போது ஆடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எப்போதோ ஓட்டி முடித்ததன் நிழல் அது. தம்பி அதற்குள் வேலைக்காகப் பெங்களூருக்குப் போயிருந்தான்; அங்கே தன் அறையில் தனியாக ஒரு கருவி வாங்கி வைத்திருந்தான். கோவையில் மின்சாரம் இருந்த ஒரு மணி நேரத்தில் நான் விளையாட்டைத் திறந்தால், அவனுடைய புள்ளி எனக்கு அரை வண்டி தூரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட சரிவில் அந்தப் புள்ளி எப்போதும் சற்றுத் தயங்கும். அவன் அங்கே தேவையில்லாமல் பிரேக் பிடிக்கிறான் என்று எனக்குத் தெரியும். அதைத் தொலைபேசியில் அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த ஓர் இடத்தில்தான் நான் அவனை முந்திக்கொண்டிருந்தேன்.

டிராக் கட்டும் கருவியையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். எக்ஸைட்பைக் 1984இலேயே டிராக் வடிவமைக்கும் வசதியைத் தந்திருந்தது. ஆனால் அதைச் சேமித்து வைக்க ஜப்பானில் மட்டும் விற்ற ஒரு கேசட் பதிவுக் கருவி வேண்டும். எவல்யூஷனில் ஒருவர் கட்டியதை உலகில் எவரும் அன்றே இறக்கி ஓட்ட முடிந்தது. அந்தக் கருவியின் ஆழம் எவ்வளவு என்றால், பைக்கே இல்லாத வேறு விளையாட்டுகளையும் சிலர் அதற்குள்ளேயே கட்டிப் பகிர்ந்தார்கள். நாங்கள் கட்டியது ஒரே ஒரு டிராக். எங்கள் தெருவின் வேகத்தடைகளை அதே வரிசையில் அடுக்கியது. நன்றாக வரவில்லை. வேகத்தடைகள் அவ்வளவு நெருக்கமாக இருந்தால் எந்த வண்டியாலும் நிதானமாகப் போக முடியாது என்பது மட்டும் உறுதியானது.

அந்த விளையாட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த புதிர் தனிக் கதை. டிராக்குகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைப் பல நாட்டு ஆட்டக்காரர்கள் சேர்ந்து அவிழ்த்தார்கள். அவை உலகின் வெவ்வேறு நகரங்களில் உண்மையாகவே புதைத்து வைத்திருந்த பொருள்களை நோக்கி இட்டுச் சென்றன. கிடைத்தவற்றில் சாவிகளும் ஒரு செய்தியும் இருந்தன. 2113ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத முதல் சனிக்கிழமை நண்பகலில், பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தின் அடியில் ஒரு பெட்டி திறக்கப்படும், ஐந்து சாவிகளில் ஒன்று அதைத் திறக்கும் என்பதே அந்தச் செய்தி. இன்று அந்தச் சாவியை வைத்திருப்பவர் எவரும் அன்று இருக்கப் போவதில்லை. பிள்ளைக்கோ பேரனுக்கோ கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு பைக் விளையாட்டின் வெளியீட்டோடு நூறாண்டுக்குப் பிறகான ஒரு சந்திப்பையும் சேர்த்து ஏற்பாடு செய்தவர்களின் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

2014 ஏப்ரலில் வந்த ‘ட்ரையல்ஸ் ஃப்யூஷன்’ பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிளேஸ்டேஷனுக்கும் இத்தொடர் அதில்தான் முதன்முதலில் வந்தது. காற்றில் இருக்கும்போது வலது ஸ்டிக்கைச் சுழற்றினால் ஓட்டுபவன் வண்டியை விட்டுக் கையை எடுப்பது, காலை நீட்டிப் பறப்பது என்ற சாகசங்களைச் செய்து புள்ளி வாங்கும் முறையைப் புதிதாகச் சேர்த்தார்கள். சாகசம் என்ற சொல்லுக்குப் பொதுவாக நாம் கொள்ளும் பொருள் அதுதான். ஆனால் எனக்கு அது வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகவே பட்டது. ஒரு திண்டின்மேல் வண்டியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த திண்டுக்குத் தாவுவதே போதுமான சாகசம். அங்கே ஒவ்வொரு அசைவும் வண்டியைக் காப்பாற்றுவதற்காக நடக்கிறது. ஃப்யூஷனில் புள்ளிக்காக நடந்தது.

‘ட்ரையல்ஸ் ரைசிங்’ 2019 பிப்ரவரி 26 அன்று கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆகிய நான்கிலும் ஒன்றாக வெளியானது. ரெட்லின்க்ஸுடன் யூபிசாஃப்டின் கீவ் கிளையும் சேர்ந்து உருவாக்கியது. அதில் எனக்கு மனக்குறை உண்டு. அடுத்த டிராக்குகளைத் திறக்க, ஓட்டி முடித்த டிராக்குகளையே வேறு நிபந்தனைகளோடு திரும்ப ஓட்டி நிலை உயர்த்த வேண்டியிருந்தது. உடைகளும் ஸ்டிக்கர்களும் திறந்து பார்க்கும் பெட்டிகளாக வந்து விழுந்தன. தன் தவறுக்காகத் திரும்ப ஓட்டுவதில் உள்ள சுவை, பூட்டைத் திறப்பதற்காகத் திரும்ப ஓட்டுவதில் இல்லை. இருந்தாலும் ஒரு காரியத்துக்காக அதை மனமாரப் பாராட்டுகிறேன்: பயிற்சிப் பாடங்கள். நான் 2010இல் இரண்டு மாலை விழுந்து விழுந்து கண்டுபிடித்த அந்தத் திண்டு வித்தையை, எப்போது சாய வேண்டும், எப்போது முறுக்க வேண்டும் என்று படிப்படியாகப் பிரித்து, பள்ளிக்கூடம்போலச் சொல்லிக் கொடுத்தார்கள். முந்தைய பாகங்களில் சில பத்து மணி நேரத்தோடு கைவிட்டுப் போனவர்களுக்கு இது பெரிய கொடை. பாடம் கேட்ட பிறகும் விழத்தான் வேண்டும். ஆனால் எதற்காக விழுகிறோம் என்று தெரிந்து விழலாம்.

ரைசிங்கில் இருவர் ஒரே வண்டியை ஓட்டும் டாண்டம் பைக் ஒன்று உண்டு. ஒரே அறையில், ஆளுக்கொரு கன்ட்ரோலர். ஆக்சிலேட்டரும் சாய்வும் இருவர் கையிலும் பாதிப் பாதியாக இருக்கும். இருவரும் சேர்ந்து முறுக்கினால்தான் முழு வேகம், இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் முழுச் சாய்வு. 2020 பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வந்திருந்தான், தன் மகளோடு. மாட்டுப் பொங்கல் அன்று மாலை, குழந்தை உறங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அந்த டாண்டம் வண்டியை எடுத்தோம். இரண்டாவது மேட்டிலேயே நான் பின்னால் சாய, அவன் முன்னால் சாய, வண்டி எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் நின்று, மெதுவாகப் பின்னோக்கி உருண்டு கவிழ்ந்தது. இன்னொரு தடவை. நான் அவசரப்பட்டு முறுக்கிவிட்டேன். இன்னொரு தடவை. அவன் திண்டுக்கு முன்னால் பிரேக் பிடித்தான். அந்தப் பழைய சரிவில் அவனுடைய புள்ளி தயங்கியதுபோலவே. எட்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொன்னேன். அவன் திரும்பி என்னைப் பார்த்து, “அது அப்பவே தெரியுமாண்ணா உனக்கு?” என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் குழந்தை அறைக்குள் சிணுங்கியது. அவன் எழுந்து போய்த் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வந்தான். ஃபால்ட் எண்ணிக்கை 37இல் நின்றது. கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “நான் ஒண்ணு, ரெண்டு எண்ணுறேன், ரெண்டுல சாயி, மூணுல முறுக்கு” என்றான். எண்ணத் தொடங்கினான்.